திருகோணமலையிலிருந்து ரயிலில் வடக்கின் சிறு ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

திருகோணமலையிலேயே ரயில் ஏறி யாழ்ப்பாணம் வரை போகலாமா, வழியில் எங்கே இறங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், ஆனால் வேண்டாம். நமது பாதை கந்தளாய், கல்ஓயா என்று தெற்கே இறங்கி மாகோவில்தான் வடபாதையோடு சேர்கிறது. வடக்கே போக வேண்டியவர் குருநாகல் மாவட்டம் வரை போய்த் திரும்ப வேண்டும். விடியற்காலை பஸ்ஸில் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குப் போய், அங்கே ரயில் ஏறுங்கள்.

பகல் ரயிலாக, சிறு நிலையங்களில் நிற்பதாகப் பாருங்கள். நேர அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் முதல்நாளே நிலையத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எல்லாம் காடும் குளமுமாக ஓடிவிடும். போரால் 1990இல் ரயில் நின்ற பிறகு இந்தப் பகுதியில் தண்டவாளமே இல்லாமல் போனது. இப்போது இருப்பது இந்தியாவின் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்டது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்தது. சின்ன வயதில் கொழும்பு–யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவியில் போன கதையை அம்மா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவரை அழைத்துப் போனபோது, பரந்தன் கழிந்து ஆனையிறவு நீரேரி தெரியத் தொடங்கியதிலிருந்து ஜன்னலை விட்டு அவர் திரும்பவே இல்லை. பேச்சுக் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இறங்க வேண்டிய ஊர்கள். நான் முதலில் சொல்வது கொடிகாமம். பளையில் தொடங்கிய தென்னந்தோப்புகள் கூடவே வரும். சந்தையில் தேங்காய் குவிந்து கிடக்கும். மாம்பழக் காலமென்றால் கறுத்தக்கொழும்பான் கிடைக்கும். நாங்கள் பழம் வாங்கிய கடைக்கார அம்மா, "தம்பி, இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா?" என்று கேட்டு, அதற்கேற்ற பழத்தை விரலால் தொட்டுப் பார்த்து எடுத்துத் தந்தார். இந்த நிதானத்துக்காகவே அங்கே அரைநாள் ஒதுக்கலாம். அடுத்து சாவகச்சேரி, பலாப்பழத்துக்குப் பேர்போன ஊர்.

யாழ்ப்பாண நகரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரவு அங்கே தங்குங்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை மறுபடி ரயிலேறி வடக்கே போங்கள். கோண்டாவில், இணுவில் பக்கம் செம்மண் தோட்டங்கள், வீட்டைச் சுற்றிக் கிடுகு வேலிகள், இடையிடையே மதில்கள். சுன்னாகத்தில் இறங்கிச் சந்தையைப் பார்த்துவிட்டு, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வழியாகக் காங்கேசன்துறைக்குப் போகலாம். அந்தப் பக்கத்து மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள். பாழடைந்த வீட்டுச் சுவர்களைப் படம் எடுக்குமுன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நிலையத்திலிருந்து கீரிமலைக்கு ஓட்டோவில் சில நிமிடம்தான். கடலை ஒட்டி நன்னீர்க் கேணி, பக்கத்திலே நகுலேஸ்வரம். திருகோணமலைக் கோணேஸ்வரத்தைப் போலவே இதுவும் பஞ்ச ஈஸ்வரங்கள் எனப்படும் இலங்கையின் ஐந்து பழைய சிவன் கோயில்களில் ஒன்று என்பதால், நம் ஊர்க்காரருக்கு இந்தப் பயணத்தை முடிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மாற்றுடை கொண்டுபோய்க் கட்டாயம் குளியுங்கள்.

அந்த ஐந்தில் இன்னொன்றான, மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீஸ்வரமும் பார்க்க ஆசையென்றால், அது மதவாச்சியில் பிரிந்து தலைமன்னாருக்குப் போகும் வேறு பாதை. அதை இதோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.