கொட்டாரத்துக்கு ஹெட்போன் போட்டுக்கொண்டு போகலாமா?

கேள்வி இது: “அருங்காட்சியகம், பழைய அரண்மனை போன்ற இடங்களில் கலைஞர்கள் டிஜிட்டல் மீடியாவை வைத்துச் செய்யும் வேலைகளால் பார்க்க வருகிறவர்களுக்கு உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா, இல்லை எல்லாம் பகட்டுதானா?”

பிரயோஜனம் உண்டு. ஆனால் காசு போகிற இடம் ஒன்று, பிரயோஜனம் இருக்கிற இடம் வேறொன்று. காசெல்லாம் திரைக்குப் போகிறது. பிரயோஜனம் பெரும்பாலும் காதில் இருக்கிறது. இதுதான் என் கட்சி. நான் தக்கலைக்காரன். ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் தொழில், சோறு போடுவது கல்யாண வீடியோ. காதுக்குக் கொஞ்சம் சார்பாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய அரண்மனை, இருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொட்டாரம் மட்டும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்துக்குள் நுழைந்தால் குதிரை விளக்கு, கல் கட்டில், சீன நாற்காலி, அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையில் 90 விதமான பூக்கள். அங்கங்கே ஊழியர்கள் நின்று விளக்கம் சொல்வார்கள். அவர்களில் ஒரு அக்கா பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதை ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன். “மக்களே, எல்லாரும் மேல பாருங்க. ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருக்கான்னு தேடுங்க.” அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் வாயே திறக்கவில்லை. வகுப்பு முழுக்கக் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

நல்ல டிஜிட்டல் வேலை எதுவும் அந்த அக்கா செய்ததைத்தான் செய்கிறது. எங்கே பார்க்கணும் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மோசமான வேலை என்ன செய்யும் தெரியுமா? 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கினார், 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா புதுப்பித்தார், 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது என்று மூச்சுவிடாமல் போனில் வாசிக்கும். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அதைப் பஸ்ஸிலேயே படித்துக்கொண்டு வரலாமே? கூரைக்கு அடியில் நிற்கிற நேரம் கூரைக்கு உரியது.

காதில் வைக்கிற வழிகாட்டி ஒன்றும் புது விஷயம் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் மியூசியத்தில் 1952-லேயே ரேடியோ அலை மூலம் விளக்கம் கேட்டுக்கொண்டு நடக்கும் ஏற்பாடு இருந்தது. நம் பக்கத்தில் மதுரை திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதையோடு நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியை நம்மில் நிறையப் பேர் சின்ன வயதில் பார்த்திருப்போம். தூணுக்குத் தூண் விளக்கு மாறும், குரல் எங்கிருந்தோ வரும். இப்போது பார்த்தால் அதன் வசனம் கொஞ்சம் நாடகத்தனமாகத் தோன்றலாம். ஆனாலும் அந்தத் தூண்களின் உயரம் மனதில் நின்றதற்கு அந்தக் குரல்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

பத்மநாபபுரத்தில் ஒலிக்கு வாகான இடம் நாடகசாலை. கருங்கல் தூண்கள், கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் காலத்துக் கட்டடம் என்கிறார்கள். அங்கே ஓட்டைகள் வைத்த ஒரு மரத்தடுப்பு இருக்கிறது. அரச குடும்பத்துப் பெண்கள் அதன் பின்னால் உட்கார்ந்துதான் ஆட்டமும் பாட்டும் பார்த்தார்கள். வருகிறவர்கள் அதை நாலு எட்டில் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் பார்ப்பதற்கு அது வெறும் பலகை.

நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து அந்தப் பலகைக்காக ஒரு ஒலித்துண்டு செய்தோம். யாரும் கேட்டுச் செய்ததில்லை, ஆசைக்குச் செய்தது. இரண்டு சின்ன மைக்கை ஒருவர் தன் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு பதிவு செய்தால், பிறகு ஹெட்போனில் கேட்கிறவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியும். மர அழி (மரச்சட்டத் தடுப்பு) போட்ட ஒரு பழைய வீட்டில் மைக்கோடு ஒருத்தியை உள்ளே உட்காரவைத்தோம். பாடகர் முற்றத்தில் நின்று பாடினார். என்ன பாடுவது என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். கடைசியில் நவராத்திரியின் ஒன்பது நாட்களுக்கென்று சுவாதித் திருநாள் இயற்றிய கீர்த்தனைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். பாட்டு பலகைக்கு அந்தப் பக்கம் மங்கலாகக் கேட்கும். காதோரத்தில் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசுவார்கள், பாடுகிறவர் எந்த ஊர் என்று ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி மடியில் பிள்ளை சிணுங்கும். பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம், இந்தப் பக்கத்து வீடுகளில் பேசுகிற மாதிரி. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சொந்தக்காரர்களைக் கூட்டிப்போய், அந்த இடத்தில் நிற்கவைத்துக் கேட்கச் சொன்னோம். என் அத்தை ஒருவர் அது முடியும்வரை அந்தத் தடுப்பை விட்டு நகரவில்லை. “இவ்வளவு சின்ன ஓட்டை வழியா என்னத்தலே பாத்திருப்பாவ?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்தால் போதும், எங்கள் வேலை முடிந்தது.

கொட்டாரத்தின் சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையிலும் இதுபோல் செய்யலாம். மேல்தளம், கீழ்த்தளம் இரண்டிலும் தலா 1,000 பேர் பந்தியில் உட்கார இடம் உண்டு. வெறும் கூடமாகப் பார்த்தால் நீளம் மட்டும்தான் தெரியும்.

திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கால் போக முடியாத இடத்துக்குத் திரைதான் போகணும். உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. பத்மநாப சுவாமிக்கென்று வைத்த தளம் என்பதாலும், ஓவியங்கள் கெட்டுவிடும் என்பதாலும் பொதுமக்களை மேலே விடுவதில்லை. இப்படிப்பட்ட சுவருக்கு முன்னால் ஒரு நல்ல புகைப்படக்காரர் செய்யக்கூடியது நிறைய. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் ரெம்பிராண்ட்டின் ‘நைட் வாட்ச்’ ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து ஒட்டி, 717 கிகாபிக்சல் (71,700 கோடி புள்ளி) கொண்ட ஒரே படமாக 2022-ல் இணையத்தில் வைத்தது. பெரிதாக்கிக்கொண்டே போனால் வண்ணத்தில் விழுந்த விரிசல்கூடத் தெரிகிறது. குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர்களின் ஊர் செய்வதை, ஜெயித்த நாம் நம் சுவருக்குச் செய்யக் கூடாதா?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். தெரிந்தது எது, ஊகம் எது என்பது பார்வையாளருக்குத் தெரியணும். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று டிஜிட்டலில் முகங்களை உருவாக்கியது. 2025-ல் அவை வெளியானபோது எவ்வளவு பரபரப்பு! முகத்தின் அமைப்புக்கு எலும்பு சாட்சி. தோல் நிறத்துக்கும் முடிக்கும் எலும்பு சாட்சி சொல்லாது. இதைச் சொல்லாமல் முகத்தை மட்டும் போஸ்டராக அடித்தால், பார்த்தவர் அதையே புகைப்படம் என்று எடுத்துக்கொள்வார். எங்கள் ஒலித்துண்டிலும் முதல் வரியிலேயே “இந்தப் பேச்சு கற்பனை” என்று ஒரு குரல் சொல்லிவிடும். அதனால் சுவாரசியம் ஒன்றும் குறையவில்லை.

பகட்டு என்று நீங்கள் கேட்டதற்கும் காரணம் இருக்கத்தான் செய்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு அருங்காட்சியகத்தில் வாசலிலேயே ஆளுயரத் தொடுதிரை. அதன்மேல் “பழுது” என்று ஒட்டிய காகிதமே பழுப்பேறிவிட்டது. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும், மூன்றாம் வருட பராமரிப்புக்குக் கிடைக்காது. க்யூஆர் கோடு ஒட்டுவார்கள், அது போய்ச் சேரும் இணையதளத்தைப் புதுப்பிக்க ஆள் இருக்காது. ஒரு ஆடியோ கோப்பு இருக்கிறது பாருங்கள், அதற்கு இந்தத் தொல்லையே கிடையாது. பத்து வருடம் கழித்தும் எந்த போனிலும் ஓடும், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் கேட்கலாம். எங்களிடம் வேலை கொடுக்க வந்த ஒருவர் மன்னர் எழுந்து நின்று பேசுகிற மாதிரி ஹோலோகிராம் கேட்டார். நாங்கள் தயாரித்த ஒலியைப் போட்டுக் காட்டியதும், “இதில் பார்க்க ஒன்றும் இல்லையே” என்றார். பார்க்கத்தான் 90 பூ கூரையில் இருக்கிறதே ஐயா.

நீங்களே ஏதாவது செய்து பார்க்க நினைத்தால், எங்கள் மாவட்டத்துச் சிதறால் மலையில் ஆரம்பிக்கலாம். 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களும் வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளும் இருக்கிற இடம். உச்சி வெயிலில் பார்த்தால் எழுத்து தெரியாது, பாறைதான் தெரியும். கேமராவை அசையாமல் முக்காலியில் வைத்து, விளக்கை மட்டும் ஒவ்வொரு பக்கமாகத் தாழ்வாகப் பிடித்துப் பல படங்கள் எடுத்தால், அவற்றை ஒன்றாக்கித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம் திரையில் விரலை நகர்த்தினால் வெளிச்சம் நகரும், தேய்ந்த எழுத்து மேலெழுந்து வரும். பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துப் பாறைக்கு முன்னால் நிறுத்தினால், திரையையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துத் தாங்களே எழுத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். முக்காலியும் விளக்கும் கொண்டுபோவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அதனால் முதலில் மனுவை எழுதிப் போடுங்கள். அது வரும்வரை ஸ்கிரிப்டைச் சுருக்கிக்கொண்டே இருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஜனங்கள் ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள்.