பீக்கோ ட்ரெயில் 3 நாள்: இரண்டாம் நாள் ஏன் இருட்டுகிறது

மலையகத் தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் நீண்ட நடைபாதையான பீக்கோ ட்ரெயிலில் நாளுக்கு 20 கிலோமீற்றர் வேண்டாம், 12 ஆகக் குறையுங்கள். உங்கள் 3 நாள் திட்டத்தில் இரண்டாம் நாள் எப்படிப் போட்டாலும் ஏன் இருட்டுக்குள்தான் முடிகிறது என்று கேட்டிருந்தீர்கள். தூரத்தை மட்டும் கூட்டி, ஏற்றத்தை விட்டுவிட்டீர்கள் போல. யாழ்ப்பாணத்தில் நடந்து பழகிய எங்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான், சமதரையான பண்ணைப் பாலத்தில் எத்தனை தரம் போய்வந்தாலும் மலையேற்றம் பழகாது.

இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 கிலோமீற்றருக்கு 1 மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். 20 கிலோமீற்றரும் 1200 மீற்றர் ஏற்றமும் என்றால் 6 மணித்தியாலம் வரும். அது வெறுங்கையோடு, நிற்காமல் நடந்தால். பை, சாப்பாடு, வழி தேடுவது எல்லாவற்றுக்கும் பாதியைக் கூட்டினால் 9 மணித்தியாலம். காலை 9 மணிக்கு வெளிக்கிட்டால் பொழுதுபட்டுவிடும்.

அப்புறம், போக முன் ஒரு நாள் முழுப் பையையும் சுமந்து ஏதாவது மாடிப்படியில் அரை மணித்தியாலம் ஏறி இறங்குங்கள். முழங்கால் வலித்தால் பையைக் குறைக்கத்தான் வேண்டும். வழியில் ஊர்களில் தங்கலாம் என்பதால் கூடாரத்தை வீட்டிலேயே விடலாம்.

டிசெம்பரில் போவதுதான் எனக்குப் பயம். வடகீழ்ப் பருவமழை ஊவாப் பக்கம் நன்றாக அடிக்கும், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தயவுசெய்து பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பெப்ரவரி கடைசி, மார்ச் நல்லது. கூட்டம் பிடிக்காதென்றால் எல்ல என்ற ஊரில் இரவு தங்காமல் கடந்து போங்கள்.