மனைவிக்கு ஹெச்பிவி என்கிறார்கள், எனக்கு டெஸ்ட் கிடையாதா?

கேள்வி: டாக்டர், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். செம்பனை லோரி ஓட்டுகிறேன், வயது 36. மனைவிக்கு அரசாங்க கிளினிக்கில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தார்கள். ஹெச்பிவி 16 இருக்கிறதாம், ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு ஒரு கோளாறும் இல்லை. அப்புறம் இது எங்கிருந்து வந்தது? என் ரத்தத்தையும் பாருங்கள் என்றேன், அப்படி டெஸ்ட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பேச்சே நின்றுபோய்விட்டது. (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, முதலில் மனைவியிடம் பேசுங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களே, அதை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஹெச்பிவி என்பது உடலுறவு வழியாகத் தொற்றும் ஒரு வைரஸ் கிருமி, அதில் பல வகைகள் உண்டு, 16 அதில் ஒன்று. அது எந்த அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் உடம்பில் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் இருவரில் யாருக்காவது தொற்றியிருக்கலாம், உங்களிடமிருந்தே அவருக்குப் போயிருக்கலாம், ரிசல்ட் தாளில் அது வந்த தேதி இருக்காது. அந்தத் தாளைக் காட்டி ஒரு பெண்ணைச் சந்தேகப்படுவது அநியாயம். இப்படிப் பிரிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கோளாறு இல்லை என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. பெரும்பாலான ஆண்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். கிளினிக்கில் சொன்னது சரிதான். இது ரத்தத்தில் தெரியாது, ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஹெச்பிவி பரிசோதனையும் இல்லை. நீங்கள் செய்யக்கூடியது கண்ணால் பார்ப்பதுதான். ஆணுறுப்பிலோ ஆசனவாய்ப் பக்கமோ மரு, ஆறாத புண், தடிப்பு, தொண்டையிலோ கழுத்திலோ வாரக்கணக்கில் குறையாத கட்டி, இதில் ஒன்று இருந்தாலும் வெட்கப்படாமல் போய்க் காட்டுங்கள். அங்கே வரும் மருக்களுக்குப் பெரும்பாலும் 6, 11 என்ற வகைகள்தான் காரணம், அவை புற்றுநோய் வகைகள் அல்ல. ஆனால் கால் ஆணிக்கு விற்கும் மருந்தையோ சுண்ணாம்பையோ தடவிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். பூசும் மருந்து இருக்கிறது, உறைய வைத்தும் எடுப்பார்கள்.

மனைவியின் தேதிதான் இப்போது முக்கியம். 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் சுமார் 70 விழுக்காடு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம், அதனால்தான் உடனே அனுப்புகிறார்கள். கிருமி இருக்கிறது என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், மாற்றம் இருந்தால் அது புற்றுநோயாகும் முன்பே எடுத்துவிட முடியும். அன்றைக்கு லோரிக்கு லீவு போட்டுவிட்டு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், பஸ்ஸில் தனியாக அனுப்பாதீர்கள்.

ஆணுறை ஓரளவு தடுக்கும், முழுக்கத் தடுக்காது, ஏனென்றால் இது தோலோடு தோல் உரசினாலே தொற்றும். சிகரெட் பழக்கம் இருந்தால் இருவரும் விடுங்கள், புகை இருக்கும் உடம்பில் கிருமி லேசில் போகாது. ஹெச்பிவி தடுப்பூசி ஏற்கனவே வந்த தொற்றைக் குணப்படுத்தாது. ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குப் போடுங்கள். மலேசியாவில் பள்ளியில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 2010-லிருந்து போடுகிறார்கள். பையன்களுக்கும் 9 வயதிலிருந்தே போடலாம், தனியார் கிளினிக்கில் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், 15 வயதுக்குள் ஆரம்பித்தால் ஊசியின் எண்ணிக்கையும் குறையும்.