எழுத்துக்காகவே பார்க்க வேண்டிய தொலைக்காட்சித் தொடர்கள் எவை? எந்த மொழி, எந்தக் காலம் என்றாலும் சரி

எனக்கு ஒரே ஒரு உரைகல்தான். தொடரில் வருகிற ஆள் எதைச் செய்து சோறு தின்கிறான் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு பார்ப்பதால் வந்த குணமாக இருக்கலாம். மீனவன் என்று எழுதிவிட்டால் அவன் பாட்டுப் பாடுவான், குடிப்பான், கடைசியில் கடலில் போவான். வலை யாருடையது, டீசல் கடன் எவ்வளவு, ஏலத்தில் யார் விலையைக் குறைத்தார்கள் என்று ஒரு வசனம் வராது. அப்படிப்பட்ட தொடரை இரண்டாவது எபிசோடில் மூடிவிடுவேன்.

அந்தக் கணக்கில் முதலிடம் 'தி ஒயர்'. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், 2002 முதல் 2008 வரை, ஐந்து சீசன், அறுபது எபிசோட். எழுதிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் குற்றச்செய்தி நிருபராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் போலீஸ்காரராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். முதல் சீசன் போதைப்பொருள் விற்பவர்களும் அவர்களை ஒட்டுக்கேட்கும் போலீசும். எல்லாரும் அதைத்தான் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது துறைமுகத்தில் நடக்கும் இரண்டாம் சீசன். கப்பல் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. வந்தாலும் சங்கத்தில் மூத்தவர்களுக்குத்தான் முதலில். சின்னப் பையன்கள் காத்துக் கிடப்பார்கள். சங்கத்தை நடத்தும் பொருளாளர் ஃபிராங்க் சொபோட்கா கடத்தலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கிற காசை, கால்வாயை ஆழப்படுத்தச் சொல்லி அரசியல்வாதிகளுக்குக் கொட்டுகிறார். ஆழப்படுத்தினால் பெரிய கப்பல் வரும், பையன்களுக்கு வேலை வரும். அவ்வளவுதான் அவர் ஆசை. சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கிய 2005-இல் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் நடந்த சண்டையைக் கேட்டவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகவே இருக்காது. அங்கே தோண்டினால் பிழைப்பு வரும் என்கிறார்கள், இங்கே தோண்டினால் மீன் போய்விடும் என்றார்கள்.

மச்சான் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளில் வலை பின்னுவது போக மிச்ச நேரமெல்லாம் போனில்தான். இந்த சீசனை அவரிடம் கொடுத்தபோது சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு முதலில் முனகினார். நாலாவது எபிசோடில், "அந்த ஃபிராங்க் ஆளு நம்ம சங்கத்துக்காரன் மாதிரியே பேசுறான் மாப்ளே" என்றார். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

சிரிப்புக்கு 'ஃபால்டி டவர்ஸ்'. பிபிசியில் 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு எபிசோட். ஜான் கிளீஸும் கோனி பூத்தும் எழுதி, அவர்களே நடித்ததும்கூட. டார்கி என்ற கடலோர ஊரில் ஓட்டல் நடத்தும் பேசில் ஃபால்டிக்கு விருந்தினர்களைக் கண்டாலே ஆகாது. நான் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் இரவு டூட்டி பார்ப்பவன். விடியற்காலை ரயிலில் இறங்கி வந்து ஒரே ரூமில் பதினாலு பேர் தங்கிக்கொள்கிறோம் என்பார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட லிஃப்டில் ஏறுவார்கள். பேசிலின் பல்லைக் கடிக்கும் புன்னகை எனக்கு நன்றாகத் தெரியும். ஓர் எபிசோடில் ராத்திரியே செத்துப்போன விருந்தாளிக்கு, கவனிக்காமல் காலைச் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்து, பேசாமல் இருக்கிறாரே என்று கோபித்துக்கொள்கிறார் பேசில். பிறகு அந்த உடலை மற்ற விருந்தினர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க ஓட்டல் முழுக்க அலைகிறார்கள். வயதானவர்கள் கடைசி ஆசையாக வந்து தங்கும் ஊரில் வேலை பார்ப்பவனுக்கு இது பாதி சிரிப்பு, பாதி வயிற்றைக் கலக்கும் விஷயம். ஒரு கதவு தவறான நேரத்தில் திறப்பதை வைத்தே அரை மணி நேரத்தைக் கட்டுகிறார்கள். எழுதப் பழகுகிறவர்கள் காகிதம் பேனாவோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

தமிழுக்கு வருவோம். 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு'. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. வெள்ளைக் குதிரையில் வந்து தப்புச் செய்தவனைத் தண்டிக்கும் கருப்பசாமி. காவல் தெய்வத்துக்குச் சத்தியம் செய்து பழகிய ஊர்க்காரர்களை இது வேறு விதமாகப் பயமுறுத்தியது. நம்புகிறவனையும் கேலி செய்யாமல், டாக்டரையும் கேலி செய்யாமல் கடைசிவரை கொண்டுபோனதுதான் எழுத்தின் சாமர்த்தியம். முடிவை இங்கே சொல்ல மாட்டேன், இத்தனை வருஷம் ஆனாலும்.

'மெட்டி ஒலி'யைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். 2002 முதல் 2005 வரை ஓடியது, இழுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கும் அப்பாவாக டெல்லி குமார் வந்து நிற்கும் காட்சிகளில், ஒவ்வொரு சீரும் எவ்வளவு, அதற்கு எங்கே கை நீட்டுவது என்ற கணக்கு வசனத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இயக்குநர் திருமுருகன் அதை விடவேயில்லை.

'மால்குடி டேஸ்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தபால்காரர் தணப்பா வரும் கதையை மட்டும் தேடிப் பாருங்கள். கல்யாணம் நின்றுவிடும் என்று ஒரு சாவுச் செய்தியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார். தெருவில் எல்லார் வீட்டுக் கடிதத்தையும் சுமந்தவனால் மட்டும்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும்.

என் அம்மா காலத்து ஆட்களுக்கு இன்னொன்று உண்டு: 'ஓஷின்'. ஜப்பானில் 1983-84-இல் வந்த தொடர், பதினைந்து நிமிஷ எபிசோடாக 297. இலங்கை ரூபவாகினியில் அது வந்தது. உயரமான ஆன்டெனா வைத்த வீடுகளில் அக்கரை டிவி எடுத்த காலம் அது. சிங்களம் ஒரு வார்த்தை புரியாமலே, ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழு வயதுப் பெண்ணுக்காக அம்மா அழுதிருக்கிறார். மொழி புரியாதவரையும் உட்கார வைக்கிற கதைக்கட்டுமானத்தை என்னவென்று சொல்ல.

சமீபத்தியவை வேகமாக. 'விலங்கு' (2022): போலீஸ் ஸ்டேஷன் வேலை எப்படிப்பட்டது என்பதற்காகவே பார்க்கலாம், விமலுக்கும் பால சரவணனுக்கும் நல்ல வேடங்கள். 'அயலி' (2023): படிப்பை நிறுத்திவிடுவார்களே என்று வயதுக்கு வந்ததை மறைக்கும் பெண், புதுக்கோட்டைப் பக்கத்துக் கதை, ஆனால் எங்கள் பக்கமும் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறோம். 'சுழல்' முதல் சீசன் மயானக் கொள்ளைத் திருவிழாவோடு பின்னிய விதம் அருமை. இரண்டாவது கடலோரத்துக்கு வந்ததும் நான் ஆவலாக உட்கார்ந்தேன். திருவிழா கிடைத்தது, கடல் தொழில் கிடைக்கவில்லை. 'செர்னோபில்' (2019) ஐந்தே எபிசோட். கடைசி எபிசோடில் விஞ்ஞானி லெகாசோவ் சிவப்பு, நீல அட்டைகளை வைத்து அணு உலை எப்படி வெடித்தது என்று நீதிமன்றத்தில் விளக்குவார். பத்தாவதில் இயற்பியலைக் கண்டு ஓடிய எனக்கே புரிந்தது.

ஒரு எச்சரிக்கை: 'தி ஒயர்' இரண்டாம் சீசனை நான் புகழ்ந்தேன் என்று அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் சீசன் பார்க்காமல் போலீஸ்காரர்களில் யார் யாருக்கு ஆகாது என்பது விளங்காது. முதல் மூன்று எபிசோட் நத்தை வேகம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு ராத்திரியில் ஒரு எபிசோடுக்கு மேல் பார்க்க வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹெட்போன் அவசியம், வசனத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை வரும்.