இடித்த வீட்டுப் போதிகையும் சுதையும்: சிற்பம் பழகுவோர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, குருவிடம் பயிலாமல், செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது கழற்றி விற்கும் வேலைப்பாடுகளைப் பார்த்தே சிற்பம் கற்க முடியுமா?

பதில்: முடியும். நானும் அப்படிப் பழகியவன்தான். ஆனால் துண்டின் முகத்தை மட்டும் பார்த்தால் கல்வி பாதியில் நின்றுவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் போதிகைகளை, அதாவது தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் செதுக்கிய மரக்கட்டைகளை, தரையில் கிடத்தியிருப்பார்கள். செதுக்கிய ஆசாரியோ, அது தூணின் உச்சியில், அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்காக நிற்கப்போகிறது என்று கணக்கிட்டே உளி பிடித்திருப்பார். ஆகவேதான் கண்ணுக்கு நேரே வைத்தால் போதிகையின் நுனியில் செதுக்கிய வாழைப்பூ மொட்டு சற்றுத் தடித்தும், மடல்களின் இடுக்கு தேவைக்கு மேல் ஆழ்ந்தும் தெரிகிறது. அதை உயரத்தில் ஏற்றி, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு வைத்துப் பாருங்கள்; மிகையாகத் தோன்றிய ஆழமெல்லாம் நிழலாகி உருவத்தைத் தாங்கும். பிறகு பின்புறத்தைத் திருப்புங்கள். அங்கே மெருகு இராது. மரம் செதுக்கும் வாய்ச்சி கொத்திய தடம் அப்படியே இருக்கும். எந்த இடத்தில் உழைப்பை மிச்சப்படுத்தலாம் என்பதை எனக்குச் சொன்னது அந்தப் பக்கம்தான்.

கேள்வி: வீட்டு முகப்பிலுள்ள சுதைப் பொம்மைகளை (சுண்ணாம்புச் சாந்தில் செய்தவற்றை) பார்த்து சிமென்டில் செய்கிறேன். மடிப்புகள் விறைத்துப் போகின்றனவே?

பதில்: பொருள்தான் காரணம். சிமென்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்ல இறுகுவதால், சாந்தை அப்பி வைக்கவும், காத்திருக்கவும், கரண்டியால் வழித்துத் திருத்தவும் அவகாசம் தரும். என்னிடம் உள்ள கஜலட்சுமித் துண்டு ஒன்றில் யானையின் துதிக்கை உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் பார்த்தால் நடுவே செங்கல் சில்லு, அதைச் சுற்றிப் பருமணல் கலந்த காரை, மேலே நகக் கனத்தில் வழவழப்பான வெண்சுதை. உருவத்தைக் காரையிலேயே முடித்துவிட்டு, மேற்பூச்சைத் தோலாக மட்டும் போர்த்தியிருக்கிறார்கள். நன்றாக நீற்றிய சுண்ணாம்பும் கடுக்காய், வெல்லம் ஊறிய நீரும் கொண்டு சிறு கை ஒன்றைச் செய்து பாருங்கள். உள்ளே இரும்புக் கம்பி வைத்தால் துரு ஏறிப் பருத்து, வெடிப்பு விடும். பழைய பொம்மைகளின் விரல்கள் பலவும் அப்படி உதிர்ந்தவையே.

கேள்வி: மரத்தின் மேலுள்ள பழைய பெயின்டைத் தீயில் வாட்டி எடுக்கலாமா?

பதில்: கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். புகையும் உலர் தூசியும் ஆபத்து. நீக்கும் கரைசல் பூசி, ஈரமாகவே சுரண்டுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

கேள்வி: வாங்குவதில் சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பங்கள் தொல்பொருளாகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, விற்பவருக்கும் உரிமம் வேண்டும். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். கோயிலிலிருந்து வந்ததோ என்ற ஐயம் எழுந்தால் கையே வைக்காதீர்கள்.

கேள்வி: துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதுச் சிற்பம் செய்யலாமா? சண்டிகரில் நேக் சந்த் அப்படித்தானே செய்தார்?

பதில்: சாலை ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே, எவருக்கும் தெரியாமல் சண்டிகரின் பாறைப் பூங்காவை (ராக் கார்டன்) எழுப்பி, 1984இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் எடுத்தவை உடைந்த வளையலும் பீங்கானும் இடிபாடும், முழுப் போதிகைகள் அல்ல. சிதைந்ததைத் தாராளமாக வெட்டுங்கள். முழுமையாக இருப்பதற்குக் களிமண்ணில் அச்செடுத்து, அந்த அச்சில் வார்த்த நகலை வெட்டுங்கள். மூலத்தின் மேல் ரம்பம் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அச்செடுக்கும் முன் மரத்தில் மெல்லிதாக எண்ணெய் தடவுங்கள். ஆழ்ந்த இடுக்குகளில் களிமண் சிக்குமாதலால் அச்சை இரண்டு மூன்று பகுதிகளாக எடுப்பது நல்லது.