உணவகக் காதல் படத்தில் அடுப்பங்கரைக்கு என்ன இடம்?

கேள்வி இதுதான்: உணவகத்தைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சிக் காதல் படங்களை, குறிப்பாக 2017-இல் அமெரிக்காவின் ஹால்மார்க் அலைவரிசைக்காக எடுக்கப்பட்ட ‘எ டாஷ் ஆஃப் லவ்’ போன்றவற்றை, முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது என்று பலர் ஒதுக்குகிறார்கள், நீங்கள் பார்த்தீர்களா, உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?

பார்த்தேன். மதுரையில் சிம்மக்கல் பக்கம் எங்கள் குடும்பம் மெஸ் நடத்துகிறது. கடைக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாளில் சித்தி, மதினி, எங்களிடம் நெடுங்காலம் அடுப்படி பார்த்து ஓய்வு பெற்ற மாஸ்டர் ஆகியோருடன் உட்கார்ந்து, ஆங்கில வசனங்களை நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்த படம் அது. ஆளுக்கொரு கருத்து எழுந்தது. அவை ஒன்றோடொன்று முரண்பட்டாலும், முடிவு தெரிந்துவிடுகிறது என்ற குறையை மட்டும் அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமையல் கலைஞராக வர வேண்டும் என்ற கனவோடு இருக்கும் நிக்கி (ஜென் லில்லி), தான் பெரிதும் போற்றும் ஹாலி (பெரி கில்பின்) என்பவரின் புகழ்பெற்ற உணவகத்தில் உதவியாளர் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே தலைமைச் சமையல்காரராக இருக்கும் பாலுடன் (பிரெண்டன் பென்னி) நட்பு உண்டாகிறது. பிறகு இருவருமே அநியாயமாக வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள். முன்னாள் முதலாளிக்கு எதிராகத் தங்களுடைய சமையல் திறமையைக் காட்டுவதற்காக, நிரந்தரக் கட்டடம் இல்லாத ‘பாப்-அப்’ உணவகம் ஒன்றைத் தொடங்குகிறார்கள். அந்த முயற்சியினூடே காதலும் வளர்கிறது.

முடிவு தெரிவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹால்மார்க் என்பது 1910-இல் கான்சாஸ் நகரத்தில் தொடங்கிய வாழ்த்து அட்டை நிறுவனம். அதன் அலைவரிசை இன்றைய பெயரை 2001-இல் பெற்றது. அந்த அலைவரிசைக்கான படங்கள் பொதுவாக விளம்பரங்களோடு சேர்த்து 2 மணி நேர இடத்தை நிரப்ப வேண்டியவை. ஆகவே படத்தின் நீளம் ஏறத்தாழ 84 நிமிடங்களில் அடங்கிவிடுகிறது; விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்பக் கதை 9 பகுதிகளாக வெட்டப்படுகிறது; படப்பிடிப்பும் பெரும்பாலும் 3 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. பிரிவும் சந்தேகமும் கடைசிக்குச் சற்று முன்னால் வந்து, இறுதி நிமிடங்களில் தீர்ந்தே ஆக வேண்டும் என்பது பார்ப்பவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம்தான். சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு ஆடி வீதியில் காத்திருக்கும் கூட்டத்தில், கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று அறிய வந்தவர் எவரும் இல்லை. தாலி ஏறும் நேரத்தில் தம்முடைய தாலிச் சரடையும் மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கு, அந்த முடிவு ஆண்டுதோறும் தெரிந்த முடிவாக இருப்பதுதான் நிறைவு. தெரிந்த முடிவை நோக்கி எப்படி அழைத்துச் செல்கிறார்கள் என்பதை வைத்தே இத்தகைய படத்தை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சித்திக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. ஒருவரை ஒருவர் கெடுக்கத் திட்டமிடும் உறவுக்காரர்கள் இல்லை, கன்னத்தில் அறையும் காட்சி இல்லை, குழந்தைகளை அறையை விட்டு அனுப்ப வேண்டிய இடமும் இல்லை என்றார். மாலை முழுவதும் தொடர்களின் அழுகையைக் கேட்டுச் சலித்தவரின் கருத்து அது. அதை எளிய ரசனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள், மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் மரியாதையாக நடந்துகொள்வதை ஒன்றரை மணி நேரம் பார்க்க விரும்புவது நியாயமான தேவை.

மதினி கல்லாவில் உட்காருகிறவர். புதிய உணவகம் தொடங்கும் கட்டம் வந்தவுடன், “தம்பி, இவங்க அட்வான்ஸுக்குப் பணம் எங்க புரட்டினாங்க?” என்று கேட்டார். மெஸ் ஒன்றைத் தொடங்குவதற்கு வாடகைக்கு முன்பணம், மாநகராட்சி உரிமம், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு, 19 கிலோ வணிக சிலிண்டர் இணைப்பு, பாத்திரங்கள், முதல் மாதச் சம்பளம் என்று ஒவ்வொன்றையும் தாண்ட வேண்டும் என்பதை அறிந்தவரின் கேள்வி அது. கடன் வாங்கலாமா, யாருடைய நகையை அடகு வைப்பது, நட்டம் வந்தால் யார் பொறுப்பு என்று இருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசும் காட்சியே ஒரு முழுமையான காதல் காட்சி ஆகக்கூடியது. இந்த வகைப் படங்கள் அந்த இடத்தைப் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது மாஸ்டர் சொன்னதுதான். தட்டில் வைத்த உணவு அழகாக இருக்கிறது, ஆனால் அடுப்படியில் நெரிசல் நேரம் இருப்பதாகவே தெரியவில்லை என்றார் அவர். பகல் 1 மணிக்கு எங்கள் மெஸ்ஸில் எல்லா மேசைகளும் நிறைந்து, எழப்போகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார். சப்ளையர் உள்ளே நோக்கி ஒரு சுக்கா, இரண்டு கறி தோசை, நாலாவது டேபிளுக்கு ரசம் என்று குரல் கொடுக்க, கல்லின் முன் நிற்பவர் எதையும் எழுதிக்கொள்ளாமல் வரிசை பிசகாமல் தருவார். கறி தோசைக்கு மாவை ஊற்றி, முட்டையை அதன்மேல் பரப்பி, வெந்த கறி மசாலாவை வைத்து, திருப்பிப் போடும் கணம் தவறினால் அடி கருகும் அல்லது முட்டை பச்சையாக நிற்கும். அந்த நேரத்தில் ஒருவருடைய சுபாவம் முழுவதும் வெளியே வந்துவிடும்: கோபக்காரர் யார், தன் தவற்றை அடுத்தவர் தலையில் போடுகிறவர் யார், கேட்காமலே வந்து கை கொடுக்கிறவர் யார் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

உணவகம் காதல் கதைக்கு ஏற்ற களமாவது இதனால்தான் என்று நான் நம்புகிறேன். மெழுகுவத்தியும் அலங்கரித்த தட்டும் எந்தக் கதைக்கும் பொருந்தும். ஒருவரை அவருடைய வேலையின் உச்ச நெருக்கடியில் பார்த்து, அவர்மேல் மதிப்பு பிறந்து, அந்த மதிப்பே அன்பாக மாறும் வாய்ப்பு சமையலறையில்தான் அதிகம். எங்கள் தெருமுனையில் இரவு இட்லிக்கடை போடும் கணவனும் மனைவியும் கூட்ட நேரத்தில் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்வதில்லை. அவர் இலையை விரிக்கும் வேகத்தைப் பார்த்தே அந்த அக்கா அடுத்த ஈடு இட்லியை எடுத்து வைப்பார். சட்னி குறைந்தது என்பதை அவர் சொல்லாமலே வாளி நிரம்பிவிடும். அவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நாயகனும் நாயகியும் மாவைத் தட்டிச் சிரித்துக்கொள்ளும் வழக்கமான காட்சிகள் நெஞ்சைத் தொடுவதில்லை.

இருந்தும் ‘எ டாஷ் ஆஃப் லவ்’ படத்தின் அடிப்படைக் கருவை நான் மதிக்கிறேன். சமைக்கத் தெரிந்த பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் வேலை சமையல் வேலை அல்ல. தான் தெய்வமாக நினைத்தவரின் கடையில் உதவியாளர் வேலை. மதுரை மெஸ்களிலும் இதற்கு இணையான நிலை உண்டு. மிளகும் சீரகமும் வறுத்து மசாலா அரைப்பது, வெங்காயம் உரிப்பது, அயிரை மீனைப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துக் கழுவுவது ஆகியவற்றையெல்லாம் பல இடங்களில் பெண்களே செய்கிறார்கள். அடுப்பின் முன் நின்று மாஸ்டர் என்ற பெயரைப் பெறுகிறவர் பெரும்பாலும் ஆணாக இருக்கிறார். அந்தப் பெண்களில் ஒருத்தி, தன்னோடு வேலை இழந்த மாஸ்டருடன் சேர்ந்து சம பங்காளியாக ஒரு கடை போடுகிறாள் என்பது இங்கே உடனே எடுக்கத்தக்க கதை. யாருடைய கைப்பக்குவம், யாருடைய பெயர் என்ற கேள்வி அந்தக் காதலின் நடுவிலேயே நிற்கும்.

நம் தொடர்களிலும் சமையலைப் பிழைப்பாக்கிக்கொண்ட பெண் வந்திருக்கிறாள். விஜய் தொலைக்காட்சியில் 2020-இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’ நல்ல எடுத்துக்காட்டு. பல ஆண்டுகள் நீளும் தொடருக்குச் சமையலறையை விரிவாகக் காட்டும் அவகாசம் தாராளமாக உண்டு. ஆனால், நான் பார்த்த அளவில், கதை திரும்பத் திரும்பக் குடும்பச் சண்டைக்கே போய்விடுகிறது, தொழில் பின்னால் தங்கிவிடுகிறது என்பது என் வருத்தம். 84 நிமிடப் படத்துக்கு நேரம் போதாது, தொடருக்கோ அந்த எண்ணம் வருவதில்லை.

பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றே சொல்வேன். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற படம். வேலை இழந்த இருவரும் துவண்டுவிடாமல் அடுத்ததைத் திட்டமிடும் பகுதி எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. உணவகத் தொழிலின் உள்விவரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம் வரும். முடிந்தால் சமையல் தொழிலில் இருக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். படம் முடிந்த பிறகு எங்கள் மாஸ்டர், தான் சிறுவனாக எடுபிடி வேலைக்குச் சேர்ந்த கடையில் முதன்முதலாகக் கல்லின் முன் நிற்க அனுமதி கிடைத்த கதையைச் சொன்னார். படத்தைவிட நீளமாகப் போன அந்தப் பேச்சில் சித்தியும் தன் பங்குக்கு, எங்கள் மெஸ்ஸின் மீன் குழம்பு மசாலா யாருடைய அளவுப்படி அரைக்கப்படுகிறது என்பதை முதல் முறையாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.