அழிந்துவரும் தென் அமெரிக்க மொழிகளில் உங்களைக் கவர்ந்தது எது? ஏன்?

தரியானா. பிரேசிலின் வடமேற்கு மூலையில், அமேசான் காட்டுக்குள் ஓடும் வௌபெஸ் ஆற்றங்கரை மொழி. பேசுகிறவர்கள் ஏறக்குறைய 100 பேர்தான்.

பாட்டி கதை சொல்லும்போது "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்" என்பாள் இல்லையா? அந்த 'ஆம்' இருக்கிறதே, 'நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டது' என்று பொருள். நமக்கு அதைப் போட்டாலும் சரி, விட்டாலும் சரி. தரியானாவில் விட முடியாது. ஒரு செய்தி நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை வினைச்சொல்லிலேயே சொல்லியாக வேண்டும். அதுவும் ஐந்து வகை!

சற்று முன் ஒருவன் பந்து விளையாடினான் என்று வையுங்கள். கண்ணால் பார்த்தவர் 'டிமனிகாகா' என்பார். முதலில் வரும் 'டி'தான் 'அவன்'. சத்தம் மட்டும் காதில் விழுந்தால் 'டிமனிகாமஹ்கா'. வீட்டில் ஆளும் இல்லை, அவன் பூட்ஸும் இல்லை என்றால், அந்தத் தடயத்தை வைத்து 'டிமனிகானிஹ்கா'. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளைக் காணோம், வேறெங்கே போயிருப்பான் என்ற ஊகம் என்றால் 'டிமனிகாசிகா'. யாரோ சொன்னதென்றால் 'டிமனிகாபிடகா', நம் 'விளையாடினானாம்'.

இதை முதன்முதலில் படித்த அன்று, நான் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மனசுக்குள் 'பார்த்தாயா, கேட்டாயா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அங்கே அப்பாவின் மொழிதான் ஒருவருடைய மொழி. அதே மொழிக்காரரைக் கட்டுவது உடன்பிறந்தாரைக் கட்டுவதற்குச் சமம். அதனால் அம்மா எப்போதும் வேறு மொழிக்காரி. பிள்ளைகள் பல மொழிகளோடுதான் வளர்ந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் சலேசிய சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் பாதிரிமார் விடுதிப் பள்ளிகளைக் கொண்டுவந்து, போர்த்துகீசியத்தையும் பக்கத்துப் பெரிய மொழியான துகானோவையும் முன்னிறுத்தினார்கள். தரியானா மெல்ல ஒடுங்கியது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. மொழியியலாளர் அலெக்ஸாண்ட்ரா ஐகன்வால்ட் அந்த மக்களோடு இருந்து எழுதிய விரிவான இலக்கணம் 2003இல் வந்தது. அதுவாவது நமக்குக் கிடைத்ததே!

அப்புறம் ஒன்று. அந்தப் பகுதி மக்கள் போர்த்துகீசியம் பேசும்போதும் 'நான் பார்த்தேன்', 'என் காதால் கேட்டேன்' என்று சேர்த்துச் சொல்வார்கள். அப்படிச் சொல்லாமல் பேசுகிற வெள்ளைக்காரர்களின் பேச்சை அவர்களால் நம்ப முடிவதில்லை.